குளியலறைப் பூசணமும் குழந்தையின் மூச்சும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை அடுக்குமாடி வீடுகளின் குளியலறைகள் நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கின்றன. பலவற்றின் ஒரே வெண்டிலேட்டரும் குழாய்கள் இறங்கும் குறுகிய டக்ட்டைத்தான் பார்த்திருக்கும். நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை முளைக்க அதுவே போதும். மூலையில் கரும்புள்ளியாகத் தொடங்குவது மெல்ல மெல்லக் கூரை வரை படர்கிறது. வீட்டுப் பெண்களின் சோம்பலே இதற்குக் காரணம் என்று பேசுவது அநியாயம். காற்று புகாத அறையை எவ்வளவு தேய்த்தாலும் பூசணம் திரும்ப வரத்தான் செய்யும்.

மூச்சுக்கு என்ன ஆகிறது?

பூஞ்சையின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கின்றன. காலையில் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இரவில் விடாத இருமல் என்று தொல்லை தொடங்கும். ஏற்கெனவே இளைப்பு உள்ள குழந்தைக்கு வீசிங் கூடும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாசக் கோளாறுகளும் அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே தன் வழிகாட்டு நூலில் பதிவு செய்துவிட்டது. கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அவர்கள் நுரையீரலிலேயே தொற்றக்கூடும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டில் நெடுநாள் இருந்த பூஞ்சையால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் பலமுறை முறையிட்டும் பூஞ்சை சரிசெய்யப்படவில்லை.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரக் கூடாது

நம் வீடுகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். கறை போகவில்லை என்று பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்திலேயே பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த சின்ன அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

டைல்ஸில் உள்ள பூசணத்துக்குச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். கையுறையும் என்95 முகக்கவசமும் அணிந்து, தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்துங்கள். இளைப்பு உள்ளவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள். பூசணத்தின் மேலேயே பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. சில நாளில் அது உரிந்து விழும்.

ஈரத்தை நிறுத்துங்கள்

குளித்து முடித்ததும் வைப்பரால் தரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஈரத்துணியை உள்ளே தொங்கவிடாதீர்கள். இவ்வளவு செய்தும் அதே இடத்தில் பூசணம் வந்தால், சுவருக்குள் குழாய் கசியலாம் அல்லது மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் இறங்கலாம். பிளம்பரைக் கூப்பிட வேண்டிய வேலை அது.

வாடகை வீடென்றால் தயங்காமல் உரிமையாளரிடம் படத்தோடு எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், குடியிருப்பவரால் நேராத கட்டடப் பழுதுகளையும் குழாய் மாற்றத்தையும் உரிமையாளரின் பொறுப்புகளில்தான் வைத்திருக்கிறது. குழந்தையின் இருமல் ஓயவில்லையென்றால், மருத்துவரிடம் குளியலறைச் சுவரைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.