புரையேறுவது ஏன்?

"சாப்பிடும்போது பேசாதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். புரையேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று கூறி உச்சந்தலையில் தட்டுவதும் நம் வழக்கம். முன்னது அறிவியலுக்கு ஏற்றது, பின்னது அப்படியன்று.

தொண்டைக்குக் கீழே முன்புறம் மூச்சுக்குழாயும் அதன் பின்னால் உணவுக்குழாயும் உள்ளன. நாம் உண்ணும் சோறும் பருகும் நீரும் மூச்சுக்குழாயின் வாசலைக் கடந்தே உணவுக்குழாயை அடைய வேண்டும். அவ்வாசலைக் காக்க, நாவின் அடிப்பகுதிக்குப் பின்னால் இலை வடிவிலான குருத்தெலும்பு ஒன்றை இறைவன் அமைத்துள்ளான். அதுவே குரல்வளை மூடி.

மூச்சு விடும்போது அது நிமிர்ந்து நிற்கும். விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பும். மூடி பின்புறமாக மடிந்து வாசலை மறைக்கும். குரல் நாண்களும் ஒன்றுசேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு விநாடி மூச்சு நின்றுவிடும். கழுத்தின் முன்புறம் விரலை வைத்து எச்சிலை விழுங்கினால், குரல்வளை ஏறி இறங்குவதை உணரலாம்.

பேசவும் சிரிக்கவும் மூச்சு தேவை. ஆகவே, வாயில் உணவோடு பேசும்போது வாசல் திறந்திருக்க, ஒரு பருக்கை உள்ளே நழுவுகிறது. அதை வெளியே தள்ளவே இருமல் வருகிறது. முதுமையிலும் பக்கவாதத்திற்குப் பின்னரும் விழுங்கும் செயல் தளர்வதுண்டு. அப்போது உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியா காய்ச்சலை உண்டாக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், பாகான் டாலாமில் நடந்த ஓர் அன்னதானப் பந்தியில் முதியவர் ஒருவருக்குப் புரையேறியது. பரிமாறிக்கொண்டிருந்த நான் ஓடிச் சென்று தலையில் தட்டினேன்; தண்ணீரும் கொடுத்தேன். அவர் இருமியே பிழைத்தார். நான் செய்த இரண்டும் தவறு என்பதைத் தாதியாகப் பணியாற்றும் பக்தை ஒருவர் பின்னர் எடுத்துரைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய நான் அன்றுதான் இதைக் கற்றேன்.

இருமுபவரை நன்றாக இருமவிடுங்கள். இருமவோ பேசவோ மூச்சு விடவோ இயலாமல் தவித்தால் உடனே 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். அவரை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். அடைப்பு நீங்காவிடில், பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து, மறுகையால் அதைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அழுத்தாமல் நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வயிற்றை அழுத்தக் கூடாது. அவர்களுக்குரிய முறை வேறு. மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் இப்பயிற்சிகளை நடத்துகின்றன.

அன்னமிடுவது பெரும் புண்ணியம். அந்த அன்னம் உண்பவருக்கு ஊறு செய்யாமல் காப்பதும் நம் தொண்டே. பந்தியில் பரிமாறும் இளைஞர்கள் ஒவ்வொருவரும் இதனைக் கற்றுக்கொள்ள வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.