நாட்டியாஞ்சலிக்குப் போகிறீர்களா? கூட இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்

சந்தேகங்களும் விளக்கங்களும்

மகா சிவராத்திரி நெருங்கினால் சிதம்பரத்து விடுதிகளில் அறை கிடைக்காது. 1981 முதல் நடந்துவரும் நாட்டியாஞ்சலிக்காக நாடெங்கும் இருந்து ஆட வருகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் பெரும்பாலோர் நடராசரைத் தரிசித்து, சீர்காழியில் தமிழிசை மூவர் மணிமண்டபத்தை எட்டிப்பார்த்து, அன்றிரவே ஊர் திரும்பிவிடுகிறார்கள். பாட்டும் கூத்தும் எந்த மண்ணில் விளைந்தனவோ அந்த மண்ணைப் பார்க்காமலே போகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இந்த விளக்கங்கள். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வர நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

ஜனவரி நடுவில் இருந்து மார்ச் முடிய. அக்டோபர் பாதியில் தொடங்கி டிசம்பர் கடைசி வரை வேண்டவே வேண்டாம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று இத்தனை ஆறுகளும் கடலில் சேரும் கரை இது. மேற்கே எங்கு மழை கொட்டினாலும் தண்ணீர் இங்கேதான் வந்து நிற்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறியது இந்தப் பகுதியில்தான். அன்று சாய்ந்த முந்திரியையும் பலாவையும் மீண்டும் வளர்த்தெடுக்க விவசாயிகளுக்குப் பல வருடங்கள் ஆயின. 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் கடலூர்க்காரர்கள் மறக்கவில்லை.

பண்ருட்டிப் பலா வேண்டும் என்பவர்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை வரலாம். வெயிலுக்குத் தயாராக வர வேண்டும்.

சென்னையில் இருந்து எந்த வழி?

போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், புதுச்சேரி வழியாகக் கடலூர். சுமார் 180 கி.மீ. விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் காலைப் பலகாரத்துக்குக் கடலூர் வந்துவிடலாம். கடலூரில் இருந்து சிதம்பரம் 45 கி.மீ. இடையில் கொத்தட்டையில் சுங்கச்சாவடி இருக்கிறது, ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். திரும்பும்போது சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகப் போகலாம். விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையில் விரிவாக்கப் பணி பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்தது. பழக்கம் இல்லாதவர்கள் அதில் இரவில் ஓட்டாமல் இருப்பது நல்லது.

புதுச்சேரி வழியாக வருவதால் கூட வருகிறவர்கள் ‘பாட்டில்’ வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவருவது குற்றம். கடலூர் நுழைவில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் சோதனை நடக்கும். பிடிபட்டால் வாகனமும் போகும்.

கடலூரில் வெள்ளிக் கடற்கரை தவிர என்ன இருக்கிறது?

இப்படிக் கேட்பவர்கள்தான் அதிகம். கடலூர் ஒரே ஊர் அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதுநகர் துறைமுகப் பக்கம், மஞ்சக்குப்பம் அலுவலகங்கள் பக்கம், திருப்பாதிரிப்புலியூர் கோயில் பக்கம். பேருந்து நடத்துநர் ‘திருப்பாப்புலியூர்’ என்றால் கடைசியாகச் சொன்ன இடம்தான்.

தேவனாம்பட்டினத்தில் கெடிலக் கரையோரம் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமெல்லாம் தங்களுடையது என்பது பேரத்தில் ஒரு நிபந்தனை. அப்படிச் சேர்ந்தவற்றைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்த நினைவைத்தான் சுமக்கிறது என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது சில ஆண்டுகள் இந்தக் கோட்டையே சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதை இடித்துத் தள்ளினார். இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே கிடக்கும் செங்கல்லுக்கு அர்த்தம் உண்டு. இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும்.

கேப்பர் மலையில் மத்திய சிறை இருக்கிறது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரைக் கைது செய்து கடலூர்ச் சிறையில்தான் அடைத்தார்கள்.

வெள்ளிக் கடற்கரைக்கு மாலையில் போய் உட்காருங்கள். குளிக்க இறங்க வேண்டாம்.

இசையில் ஆர்வம் உள்ளவர்கள் நாங்கள். கச்சேரி மேடை தவிர்த்து, இசை பிறந்த இடம் என்று பார்க்க ஏதாவது உண்டா?

இந்தக் கடலூர் மாவட்டத்தைப் போல வேறெங்கும் இல்லை என்றே சொல்வோம். திருநாவுக்கரசர் பிறந்த திருவாமூர், சூலை நோய் தீர்ந்து முதல் பதிகம் பாடிய திருவதிகை, இரண்டுமே பண்ருட்டிப் பக்கம். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அவர் கரை சேர்ந்தது திருப்பாதிரிப்புலியூரில் என்பது மரபு. வண்டிப்பாளையத்தை ஒட்டி இன்றும் ‘கரையேறவிட்டகுப்பம்’ என்ற பெயரில் ஊர் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலுக்கு வருகிறவர்களில் நூறில் ஒருவர்கூட அந்தக் குப்பத்தைக் கேட்பதில்லை. அவசியம் கேட்டுப் போங்கள்.

தில்லை எனப்படும் சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகள் ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பியால் வெளிவந்தன என்பது சைவ மரபு. அங்கிருந்து 25 கி.மீ. தள்ளிக் காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர் நாதமுனிகள். மறைந்துபோயிருந்த நாலாயிரத்தைத் தேடித் தொகுத்து இசை கூட்டியவர். சைவத்தின் பாட்டும் வைணவத்தின் பாட்டும் மீட்கப்பட்ட இரண்டு ஊர்களுக்கு நடுவே அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம்தான்.

பிற்காலத்தில் 1941-இல் தமிழிசை மாநாடு கூடியதும் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில்தான்.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கீர்த்தனைகளைக் கேட்டிருக்கிறோம். நந்தனார் தொடர்பான இடம் எது?

சிதம்பரத்தில் ஓமக்குளம். தீயில் இறங்கி நந்தனார் இறைவனை அடைந்தார் என்று சொல்லப்படும் இடம். அதைவிட முக்கியமாக நாங்கள் பார்க்கச் சொல்வது, சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய நந்தனார் பள்ளியை. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படிக்கவென்றே எழுந்த நிறுவனம் அது. நந்தனார் கதையை மேடையில் கேட்டு உருகியவர்களுக்கு, அந்தப் பெயரால் நூறாண்டுக்கும் மேலாகப் பிள்ளைகள் படித்துவருவது தெரிந்திருக்க வேண்டும். பள்ளி நடக்கும் நாளில் உள்ளே போகக் கேட்டு அனுமதி பெறுங்கள்.

கோயில்கள் பகலில் சாத்தியிருக்குமே, அந்த நேரத்தை என்ன செய்வது?

பயணத் திட்டம் குழம்புவது இதில்தான். பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்கு, ஐந்துக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவெளிக்கு வடலூர் போங்கள். 1867 மே 23-இல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் எவர் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். கட்டணம் கிடையாது. காரில் வந்தவர்கள் போய் உட்காரலாமா என்று சிலர் கூச்சப்படுகிறார்கள், தாராளமாக உட்காரலாம். முடிந்தால் அரிசியோ பருப்போ வாங்கிக்கொண்டு போங்கள். பக்கத்தில் 1872-இல் எழுந்த எண்கோண சத்திய ஞானசபை. தைப்பூசத்தன்று ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவார்கள். அன்று காரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் வரவே முடியாது. அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் மாதப் பூசத்துக்கு வரலாம். அன்று ஆறு திரைகள் விலக்கப்படும்.

வடலூரை வள்ளலார் ‘உத்தரஞான சிதம்பரம்’ என்றார். தெற்கே உள்ள சிதம்பரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பெயர் விளங்கும்.

அங்கிருந்து சேத்தியாத்தோப்பு வழியாக வீராணம் ஏரிக்கரை. பராந்தக சோழன் காலத்து வீரநாராயணன் ஏரி இது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவது ஓர் ஆடிப்பெருக்கு நாளில் இந்தக் கரையில்தான். கீழணையில் இருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்து போகிறது. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது ஒருவேளை இந்தத் தண்ணீர்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கரைச்சாலை குறுகல், நிதானமாக ஓட்ட வேண்டும். நான்கு மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் அந்தப் பக்கம் வருவது நல்லது. அப்படியே காட்டுமன்னார்கோயில் பெருமாளைச் சேவித்து, இருட்டுகிற நேரத்துக்குச் சிதம்பரம் போய்விடலாம்.

நெய்வேலி வழியில் வரும். ஆனால் சுரங்கம் பார்க்க முன்அனுமதி வேண்டும், பயணத்தோடு ஒட்டாது.

பிச்சாவரத்துக்கு எப்போது போவது? குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

காலையில் முதல் படகு. வெயில் ஏறிவிட்டால் தண்ணீரின் மேல் உட்கார முடியாது. சிதம்பரத்தில் இருந்து கிள்ளை வழியாக 15 கி.மீ. அளவுதான். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் விசைப்படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. துடுப்புப் படகையே கேளுங்கள். சுரபுன்னை வேர்கள் இருபுறமும் வளைந்து நிற்கும் ஒடுக்கமான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். சத்தமில்லாததால் பறவைகளும் பறக்காது. குழந்தைகளுக்கு உயிர்காப்புக் கவசம் மாட்டாமல் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தில்லை என்று சிதம்பரத்துக்குப் பெயர் வந்தது தில்லை மரத்தால். அந்த மரத்தை இன்று ஊருக்குள் தேடாதீர்கள். பிச்சாவரத்துக் காட்டில்தான் பார்க்க முடியும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், தோலில் பட்டால் புண்ணாகும். கிளையை ஒடிக்காதீர்கள், குழந்தைகளையும் ஒடிக்க விடாதீர்கள். படகுக்காரரிடம் ‘தில்லை எது?’ என்று கேட்டால் காட்டுவார். 2004 ஆழிப்பேரலையின்போது இந்த அலையாத்திக் காடு தன் பின்னால் இருந்த ஊர்களைப் பெரிய அழிவில் இருந்து காத்தது. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பிடித்தது. படகில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறைகூட விழக்கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்.

சிதம்பரத்தில் வண்டியை எங்கே நிறுத்துவது? சாப்பாடு?

தேரோடும் நான்கு வீதிகளிலும் இடம் பிடிக்க அலையாமல், தங்கும் விடுதியிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை ஆகிய இரு விழாக்களிலும் தேர் நாளன்று இந்த வீதிகளில் வாகனம் நுழைய முடியாது. நடராசர் கோயிலில் சந்நிதிப் பக்கம் படம் எடுக்கக் கூடாது. கோபுர வாயில்களில் இருபக்கமும் கரணச் சிற்பங்கள் உள்ளன. நாட்டியம் பயிலும் பிள்ளைகள் உடன் வந்தால், கிழக்குக் கோபுரத்தில் மட்டும் அரை மணி நேரம் கொடுங்கள். சாப்பாட்டில் கத்தரிக்காய் கொத்சுவைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஊர்க் கைப்பக்குவம் அது.

எங்களுக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. எதை விடலாம்?

கடலூரை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவே சிதம்பரம் வந்து தங்குங்கள். காலையில் பிச்சாவரம், பகல் சாப்பாட்டுக்கு வடலூர், மாலையில் வீராணம் கரை, இரவு அர்த்தசாமத்துக்கு நடராசர் சந்நிதி. கோயில் நடை இரவு பத்து மணி வாக்கில் சாத்தப்படும்; ஒன்பதுக்கே உள்ளே போய்விடுங்கள்.