ஆயாக் கொட்டகையில் கேட்ட அறிவுரை: பிள்ளை வளர்ப்பைப் பற்றி மாணவர்கள் எப்படி எழுதலாம்?



சில மாதங்களுக்கு முன் நான்காம் படிவ மாணவர்களுக்குக் 'குழந்தை வளர்ப்பில் மூத்தோரின் பங்கு' என்ற தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரை ஒன்று கொடுத்தேன். திருத்த உட்கார்ந்தால், ஏறக்குறைய எல்லாக் கட்டுரையிலும் ஒரே வாக்கியம்: "நம் முன்னோர் சொன்ன ஒவ்வொன்றிலும் அறிவியல் ஒளிந்திருக்கிறது." சான்று கேட்டால் யாரிடமும் இல்லை. ஒரே ஒரு மாணவி மட்டும் சான்று எழுதியிருந்தாள்: "பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவினால் நோய் எதிர்ப்புச் சக்தி பெருகும்."

எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. ஆனால் எனக்குத் திக்கென்றது. அவளுடைய அக்காவுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இதற்கு மதிப்பெண் போடுவதா, வீட்டுக்குப் போன் போடுவதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இரண்டையும் செய்தேன்.

மூத்தோர் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வதும், 'பழைய காலத்துப் பேச்சு' என்று ஒரேயடியாகத் தள்ளுவதும் சுலபம். ஒவ்வோர் அறிவுரையையும் தனித்தனியாக எடுத்து, சரியா தவறா, ஏன் என்று பார்ப்பதுதான் வேலை. கருத்து விளக்கக் கட்டுரை கேட்பதும் அதையேதான்.

அறிவுரை பிறந்த இடம்

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக் கதை இருக்கும். பால்மரம் வெட்டுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ச்சியான நேரத்தில்தான் மரம் நன்றாகப் பால் வடிக்கும். ஆகவே இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போக வேண்டும். ஆணும் பெண்ணும் வேலைக்குப் போனால் கைப்பிள்ளையை யார் பார்ப்பது?

அதற்குத்தான் ஆயாக் கொட்டகை. இனி மரம் வெட்ட முடியாத வயதான பெண்மணி ஒருவர் அங்கே ஆயாவாக இருப்பார். கூரையிலிருந்து வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். தூங்கும் பிள்ளையைத் தாய் தோளில் போட்டுக்கொண்டு வந்து விட்டுப் போவார். பால் நிறுத்து முடிந்து வந்துதான் அழைத்துப் போவார். பள்ளி வயது வந்ததும் அதே பிள்ளை தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் போகும். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிள்ளையை விடும்போதும் எடுக்கும்போதும் தாய்மார்கள் பேசிக்கொண்ட பேச்சுதான் அந்தக் காலத்துப் பிள்ளை வளர்ப்புப் பாடம். "ராத்திரி பூரா அழுவுறான் ஆயா" என்று ஒருவர் சொன்னால், ஆயா ஒன்று சொல்வார், பக்கத்து லயத்து அக்கா வேறொன்று சொல்வார். சொல்கிறவர் கண்முன் பிள்ளை இருக்கும். நேற்றுச் சொன்னது பலித்ததா என்று இன்று பார்த்துவிடுவார்கள். அறிவுரை தவறினால் சொன்னவரிடமே போய்க் கேட்கலாம்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்பு நிலங்களாயின. குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் அடுக்குமாடிக்குப் போயின. அறிவுரை நிற்கவில்லை, கைப்பேசி வழியாக இன்னும் அதிகமாகவே வருகிறது. சொன்னவர் யார், எந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார் என்பதுதான் தெரிவதில்லை. என் மாணவி எழுதிய தேனும் அப்படி வந்ததுதான்.

மூன்று வகையாகப் பிரிப்போம்

வகுப்பில் வெண்பலகையில் மூன்று கட்டம் போட்டேன். வீட்டில் கேட்டதையெல்லாம் மாணவர்கள் சொல்லச் சொல்ல, எந்தக் கட்டத்தில் போடுவது என்று பேசி முடிவு செய்தோம்.

முதல் வகை: சொல்லும் சரி, காரணமும் சரி. "பால் குடிச்சதும் தோள்ல போட்டு முதுகைத் தட்டு, ஏப்பம் வரட்டும்." பாலோடு விழுங்கிய காற்று வெளியேற இது உதவும். "தலை நிக்கிற வரைக்கும் கழுத்துக்குக் கை கொடுத்துத் தூக்கு." பச்சைப் பிள்ளையின் கழுத்துத் தசைக்குத் தலையைத் தாங்கும் பலம் வந்திருக்காது. இவற்றைத் தாதியும் சொல்வார், பாட்டியும் சொல்வார்.

இரண்டாம் வகை: சொல் சரி, சொன்ன காரணம் வேறு. "வெளியே போயிட்டு வந்தா கை கால் கழுவிட்டுத்தான் பிள்ளையைத் தொடணும், காத்து கருப்பு ஒட்டிக்கிட்டு வரும்." ஒட்டிக்கொண்டு வருவது கிருமி. பிறந்து முப்பது நாள் கழிந்துதான் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும் என்று நம் வீட்டில் சொல்கிறோம். மலாய் அண்டை வீட்டில் 'பந்தாங்' என்று 44 நாள் கணக்கு வைக்கிறார்கள். சீனர்களுக்கு ஒரு மாதம். தீட்டு என்று நாம் காரணம் சொன்னாலும், தாய்க்கு ஓய்வும் பிள்ளைக்குக் கூட்டத்திலிருந்து பாதுகாப்பும் கிடைத்தன. பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முப்பது நாள் வெளியே எடுக்கக்கூடாது என்பதற்காகக் கிளினிக் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சரியான சொல்லும் தவறான காரணத்தோடு சேரும்போது சில நேரம் எல்லை மீறிவிடும்.

மூன்றாம் வகை: சொன்ன அன்பு சரி, சொல் தவறு. எழுதச் சங்கடமான வகை இதுதான். நம்மைத் தூக்கி வளர்த்தவர்களே சொன்னது என்பதால் மாணவர்கள் இங்கே தயங்குவார்கள்.

தேனை எடுத்துக்கொள்வோம். தேனில் ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவை ஒன்றும் செய்யா. ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். அந்த நஞ்சு தசைகளைத் தளரச் செய்யும். பிள்ளை பால் உறிஞ்சக்கூட முடியாமல் போகும், மூச்சும் தடைபடலாம். ஒரு துளியானாலும், காய்ச்சிய தேனானாலும், 12 மாதம் முடியும் வரை தேன் கூடாது என்பதுதான் மருத்துவர்களின் விதி.

அடுத்தது தண்ணீர். "வெயில் காலம், தொண்டை காயும், ரெண்டு கரண்டி தண்ணி கொடு" என்பார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். சிறிய வயிற்றைத் தண்ணீர் நிரப்பினால் பாலுக்கு இடமிருக்காது. இரத்தத்தின் உப்பு அளவும் குறைந்துவிடலாம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் சுகாதார அமைச்சும் அதையே சொல்கிறது.

மஞ்சள் காமாலையைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். என் மூத்த பிள்ளைக்கு நான்காம் நாள் கண் மஞ்சளாக இருந்தது. "காலை வெயில்ல அரை மணி நேரம் காட்டு, இறங்கிடும்" என்று உறவினர் எல்லாரும் சொன்னார்கள். நானும் இரண்டு நாள் காட்டினேன். வீட்டுக்கு வந்த தாதி பார்த்துவிட்டு உடனே இரத்தம் எடுக்க அனுப்பினார். அளவு ஏறியிருந்தது; பிள்ளையை நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டியதாயிற்று. பிறந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்த மஞ்சள் வருகிறது. பெரும்பாலும் தானே இறங்கிவிடும். அதனால்தான் வெயில் பலித்ததாக நமக்குத் தோன்றுகிறது. இறங்காத பிள்ளைக்கு அளவு மிக ஏறினால் மூளையும் செவியும் பாதிக்கப்படலாம். வெயிலை நம்பி இழக்கும் இரண்டு நாள்தான் ஆபத்து. படித்தவள் என்று பெயர், நானே செய்தேன். ஆகவே யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

நம் நாட்டு மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்ததும் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டுக்கான சோதனை செய்கிறார்கள். குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்துருண்டையின் நெடிகூட ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் ஏறும். பாட்டியின் பழைய பருத்திப் புடவையில் தொட்டில் கட்டுவது அருமையான பழக்கம். ஆனால் அந்தப் புடவை பெட்டிக்குள் அந்துருண்டையோடு கிடந்ததா என்று யாராவது கேட்க வேண்டும். இந்தக் கேள்வி ஆயாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும்.

குளித்தபின் சாம்பிராணிப் புகை காட்டுவதும், 'உரம் விழுந்திருச்சு' என்று பச்சைப் பிள்ளையைத் துணியில் போட்டு உருட்டுவதும் இதே வகைதான். புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. உருட்டுவது கழுத்துக்கு ஆபத்து. பிள்ளை ஓயாமல் அழுதால் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

இலக்கியத்தில் ஒரு சான்று

மூத்தோர் அறிவை மெச்சி எழுத வேண்டுமா? தேனை விட்டுவிட்டுப் பிள்ளைத்தமிழுக்குப் போங்கள். அதன் பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருபாலுக்கும் பொது: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. மாதக் கணக்கில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. பொதுவாகச் செங்கீரையை ஐந்தாம் மாதத்திலும், சப்பாணியை ஒன்பதாம் மாதத்திலும், வருகையை ஓராண்டை ஒட்டியும் வைப்பார்கள். செங்கீரை என்பது கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி, கை கொட்டுவது. வருகை, தளர்நடை நடந்து வருவது.

கிளினிக்கில் கொடுக்கும் குழந்தைப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எந்த மாதத்தில் பிள்ளை தலை நிமிர்த்தும், உட்காரும், கை தட்டும், நடக்கும் என்று அதிலும் ஒரு வரிசை இருக்கும். நம் புலவர்கள் பிள்ளையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதிய வரிசைக்கும் தாதி பேனாவால் குறிக்கும் வரிசைக்கும் வியப்பான ஒற்றுமை உண்டு. 'முன்னோர் அறிவு' என்பதற்கு யாரும் மறுக்க முடியாத சான்று இது. இந்த வரிசையில் பிள்ளை மிகவும் பின்தங்கினால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பெற்றோருக்கும் பயன்படும் செய்தி.

கட்டுரையில் எழுதும்போது

ஒன்று, 'ஒவ்வொன்றிலும்', 'எல்லாமே', 'எதுவுமே' போன்ற சொற்களைத் தவிருங்கள். ஒரே ஓர் எதிர்ச்சான்று போதும், வாக்கியம் சாய்ந்துவிடும். 'பல அறிவுரைகளில்', 'சில பழக்கங்களில்' என்று எழுதுங்கள்.

இரண்டு, கருத்து, காரணம், சான்று, முடிவு என்ற வரிசையில் பத்தியைக் கட்டுங்கள். எடுத்துக்காட்டு: "வெளியிலிருந்து வருபவர் கைகால் கழுவிய பின்னரே குழந்தையைத் தொட வேண்டும் என்று மூத்தோர் வலியுறுத்தினர். அவர்கள் கூறிய காரணம் இன்றைய அறிவியலோடு ஒத்துப்போகாவிட்டாலும், இப்பழக்கம் குழந்தையை நோய்த்தொற்றிலிருந்து காத்தது. எனவே, பழக்கத்தைப் போற்றிக் காரணத்தைத் திருத்திக்கொள்வதே அறிவுடைமை."

மூன்று, பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றிப் பழகுங்கள். 'குப்புறக் கவுந்துக்கிட்டான்' என்பது 'குப்புற விழுந்தான்' ஆகும். 'உடம்பு சுடுது' என்பது 'காய்ச்சல் கண்டுள்ளது'. மேற்கோள் குறிக்குள் மட்டும் பேச்சு வழக்கு வரலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. மாணவர்கள் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு வரட்டும்: பிள்ளை வளர்ப்பில் நீங்கள் கேட்ட அறிவுரை என்ன? அதை யார் சொன்னார்? எதற்காகச் சொன்னார்? கிடைத்ததை மூன்று கட்டத்தில் பிரிக்கட்டும். மூன்றாம் கட்டத்தில் வந்ததைக் கேலி செய்ய அனுமதிக்காதீர்கள். மருத்துவமனை எட்டாத இடத்தில், கையில் இருந்ததை வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்தவர்கள் அவர்கள்.

அந்த மாணவியின் வீட்டுக்குப் போன் போட்டேன் என்று சொன்னேனே. எடுத்தவர் பாட்டி. தோட்டத்தில் பால் வெட்டியவர். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்படியா டீச்சர்? எங்களுக்கு யாரும் சொல்லலையே. சொன்னா கேட்டிருப்போமே" என்றார். தேன் போத்தல் சமையலறைக்குப் போய்விட்டது.

மாணவி கட்டுரையைத் திருத்தி எழுதினாள். முடிவுரையில் பாட்டி சொன்ன அந்த வாக்கியத்தையே எழுத்து வழக்கில் சேர்த்திருந்தாள். இந்த முறை மதிப்பெண் போட நான் யோசிக்கவில்லை.