பனிக்கட்டிக்கு அடியில் மீன் பிழைக்குமா?

டொராண்டோ பக்கம் வீட்டுப் பின்வளவில் சிறு குளம் கட்டி, தங்கமீனோ கோய் மீனோ (வண்ணக் கெண்டை) வளர்க்கிறீர்களா? குளம் உறையத் தொடங்கியதும் கவலை வரும். இந்த இரண்டு மீன்களும் குளிரைத் தாங்கும். குளிர்காலத்தில் அவை பெரும்பாலும் சாவது மூச்சுத் திணறித்தான். அதைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மேலே உறைந்தால் அடிவரை உறைந்துவிடாதா? தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 பாகை செல்சியஸில். அந்த நீர் அடியில் தங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறையும். ஆகவே குளத்தில் ஓரிடமாவது மூன்று நான்கு அடி ஆழம் இருக்கட்டும்.

என் குளம் ஆழமில்லையே? உறைபனி வருமுன் மீன்களை வீட்டுக்குள் தொட்டிக்கு மாற்றுங்கள். கப்பி போன்ற வெப்பநாட்டு மீன்கள் எந்த ஆழத்திலும் பிழைக்காது. அவற்றையும் உள்ளே கொண்டுவாருங்கள். வைக்க இடமில்லை என்று ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படி விடப்பட்ட தங்கமீன்கள் ஹாமில்டன் துறைமுக நீரில் பெருகி, அங்குள்ள மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டன.

தீனி போடலாமா? நீர் குளிரக் குளிர மீனின் செரிமானமும் மந்தமாகும். நீரின் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கியதும் தீனியை நிறுத்துங்கள். உடலில் சேர்ந்த கொழுப்பே வசந்தம்வரை தாங்கும். இரக்கப்பட்டுப் போட்டால் அது வயிற்றில் செரிக்காது. மிச்சம் நீரில் அழுகும்.

மூச்சு ஏன் திணறுகிறது? அடியில் கிடக்கும் இலையும் கழிவும் அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும், நச்சு வாயுக்கள் உண்டாகும். பனிக்கட்டி முழுவதும் மூடிவிட்டால் அவை வெளியேற வழியில்லை. எனவே இலையுதிர் காலத்திலேயே குளத்தின்மேல் வலை கட்டுங்கள். உள்ளே விழுந்ததை அள்ளிவிடுங்கள்.

பனியில் திறப்பு வைப்பது எப்படி? நீரில் மிதக்கும் சிறு மின்சூடாக்கி ஒன்று போதும். அது குளம் முழுவதையும் சூடாக்காது. ஒரு துளையை மட்டும் உறையாமல் காக்கும். காற்றுப் பம்பும் உதவும். ஆனால் அதன் காற்றுக்கல்லை (குமிழி விடும் நுண்துளைக் கல்) குளத்தின் அடியில் வைக்காதீர்கள். மீன் ஒதுங்கியிருக்கும் மிதமான நீரைக் குளிர்நீரோடு அது கலக்கிவிடும். மேல்பகுதியில் தொங்கவிடுங்கள்.

ஏற்கெனவே மூடிவிட்டதா? சுத்தியலால் உடைக்காதீர்கள்; அந்த அதிர்வு மீனைத் தாக்கும். உப்பும் போடாதீர்கள். வெந்நீர் நிரப்பிய பாத்திரத்தைக் கரையோரப் பனிமேல் வைத்துத் துளை உருகும்வரை காத்திருங்கள். நடந்துபோய் வைக்க வேண்டாம், பனி உடையலாம்.

மீன் அடியில் அசையாமல் கிடக்கிறதே? குளிர்காலத்தில் அது இயல்பு. தொட்டு எழுப்பாதீர்கள், அசைவு அதன் சக்தியைக் கரைக்கும். வசந்தத்தில் நீர் 10 பாகைக்கு மேல் நிலையாக நின்றபின், எளிதில் செரிக்கும் கோதுமை முளைத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.