ஆங்கில உபாத்தியாயரும் அவர் பெறவேண்டிய பயிற்சியும்

ஆங்கில ஆட்சி 1947-ம் வருஷத்தில் இத்தேசத்தை விட்டு நீங்கிற்று. ஆங்கில பாஷை நீங்கவில்லை. அது நீங்கவேண்டுமா, நிற்கவேண்டுமா என்பது வேறொரு வழக்கு. அதை இன்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இரு கட்சியாருக்குள்ளும் அபிப்பிராய பேதம் இருக்க நியாயமில்லை. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக வைத்துவிட்டு, அதைச் செவ்வனே கற்பிப்பதற்கு உபாத்தியாயரைத் தயார் செய்யாமல் விடுவது ஏழைக் குழந்தைக்கு இழைக்கும் அநீதியாகும். செல்வர் வீட்டுப் பிள்ளை அப்பாஷையை வீட்டிலேயே கேட்டு வளர்கிறான். ஏழைப் பிள்ளைக்கோ பெரும்பாலும் உபாத்தியாயர் ஒருவரே வழி.

உபாத்தியாயருக்குப் பயிற்சி அளிக்க நம்மவர் முயலவில்லை என்று சொல்வதற்கில்லை. 1950-களின் பிற்பகுதியில் சென்னை ராஜ்யத்தில் பெரிய முயற்சியொன்று தொடங்கிற்று. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்தி, வாய்மொழியாகப் பழக்கும் புதிய முறையை, ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் போதிக்கும் 27,000 உபாத்தியாயர்களுக்கும் கற்பித்துவிடுவதென்று திட்டமிட்டார்கள். முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் வேறு பலருக்கு. அப்பலர் இன்னும் பலருக்கு. இதற்குச் 'சென்னைப் பனியுருண்டை' என்று பெயர் வழங்கிற்று. பனி உருண்டை உருளும்தோறும் பெருகும் என்பது குளிர்நாட்டார் அனுபவம். நம் வெயிலில் பனி என்னவாகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

அம்முயற்சியில் ஈடுபட்டோரின் சிரத்தையை நாம் குறைகூறவில்லை. ஆயினும், 1970-களில் அந்தப் போதனா முறையைக் குறித்தே அதிருப்தி வளர்ந்தது. வகுப்பில் வாக்கியங்களைப் பிழையின்றிச் சொல்லும் பிள்ளை, வகுப்புக்கு வெளியே தன் கருத்தை அப்பாஷையில் சொல்லத் தெரியாமல் நின்றான். முறையில் குறை இருந்திருக்கலாம். அதனினும் பெரிய குறை, அது பரவிய வழியில் உள்ளது என்பதே நம் அபிப்பிராயம். ஒரு போதனா முறை கைமாறிக் கைமாறிச் செல்லும்போது, அதன் காரணம் வழியில் உதிர்ந்துவிடுகிறது. சடங்கு மட்டும் கடைசிக் கைக்கு வந்து சேருகிறது.

இதற்கு மாறான பரீட்சை ஒன்றும் தென்னிந்தியாவிலேயே நடந்தது. ஸ்ரீ என். எஸ். பிரபு என்னும் அறிஞர் 1979 முதல் 1984 வரை, பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சில வகுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, உபாத்தியாயர் சிலருடன் உழைத்தார். இலக்கண வரிசையை ஒதுக்கி, தேசப் படத்தில் வழி காண்பது, ரயில் நேர அட்டவணையைக் கொண்டு விடை கூறுவது போன்ற காரியங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பாடத்தைப் பிறர் வந்து பார்த்தார்கள், குறைநிறைகளை விவாதித்தார்கள். பின்பு 1990-ம் வருஷத்தில் அவ்வறிஞர் எழுதிய கட்டுரையொன்றின் சாரம் இது: எல்லார்க்கும் ஏற்ற சிறந்த முறை என்று ஒன்றில்லை, நல்ல போதனைக்குப் பகை, கெட்ட முறையைவிட, உயிரற்ற வழக்கமே.

நாம் வக்கீல் தொழிலில் பழகியவர்கள். இளம் வக்கீல் பெரிய வக்கீலின் அறையில் அமர்ந்து தொழிலைக் கற்கிறான். கோர்ட்டில் அவன் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் எதிர்க்கட்சி வக்கீல் கேட்கிறார், நீதிபதி கேட்கிறார். பிழை செய்தால் அன்றே தெரிகிறது. உபாத்தியாயர் நிலைமை என்ன? சேர்ந்த முதல் நாளே தனி வகுப்பில் நிற்கிறார். அவர் ஆங்கிலத்தைக் கேட்போர் குழந்தைகளே. பிழை சொன்னால் திருத்துவார் இல்லை. சிறப்பாகச் சொன்னால் மெச்சுவாரும் இல்லை. எப்போதாவது வரும் அதிகாரியோ புஸ்தகங்களைப் பார்த்துக் கையெழுத்திட்டுச் செல்கிறார்.

கோத்தாரி கமிஷன் 1966-ம் வருஷத்திய அறிக்கையில், ஒவ்வோர் உபாத்தியாயருக்கும் ஐந்து வருஷத்தில் இரண்டு மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றது. 2020-ம் வருஷத்திய தேசியக் கல்விக் கொள்கை வருஷத்துக்கு 50 மணி நேரம் என்கிறது. மணிக்கணக்கு எவ்வளவாயினும் ஆகுக. அந்த மணிகளில் உபாத்தியாயர் ஆங்கிலம் பேசினாரா, சகா ஒருவரின் பாடத்தைக் கண்டாரா, தம் வகுப்பின் கஷ்டத்தைச் சொன்னாரா என்பதே கேள்வி. வாய் திறவாமல் பிரசங்கம் கேட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டுத் திரும்புவது பயிற்சியாகாது.

நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, அண்டைப் பள்ளிக்கூடங்களின் ஆங்கில உபாத்தியாயர்கள் மாதம் ஒரு முறை கூடவேண்டும். அக்கூட்டம் சுற்றறிக்கை வாசிக்கும் சபையாகிவிடக் கூடாது. இரண்டாவது, வாரம் ஒரு மணி நேரமேனும் ஒருவர் பாடத்தை மற்றொருவர் சென்று பார்க்க அவகாசம் தரவேண்டும். அதில் அதிகாரி தலையிடலாகாது. மூன்றாவது, உபாத்தியாயர் தம் சொந்த ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ள நல்ல நூல்களும், நல்ல பேச்சைக் கேட்கும் வசதியும் வேண்டும். வற்றிய கிணறு வயலுக்குப் பாயாது. நான்காவது, கல்வியல்லாத வேலைகளிலிருந்து அவரை விடுவிக்க வேண்டும். 2009-ம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஜனத்தொகைக் கணக்கு, ஆபத்துக்கால நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர மற்றக் காரியங்களுக்கு அவரை அனுப்பலாகாது என்கிறது. சட்டத்தை இயற்றியவர்களே அதை அனுஷ்டிக்கவும் வேண்டும்.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1974-ம் வருஷத்தில் சென்னையில் தோன்றிய இந்திய ஆங்கில உபாத்தியாயர் சங்கம், உத்தரவுக்காகக் காத்திராமல் எழுந்ததே. ஊருக்கு இருவர் மனம் வைத்தாலும் போதும்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நண்பர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்கு இடமுண்டாயின், கட்டிடத்தையும் சுவரையும் பற்றிக் கேட்பதோடு நில்லாதீர்கள். 'எங்கள் உபாத்தியாயர் இவ்வருஷம் என்ன புதிதாகக் கற்றார்? அதற்கு நாம் என்ன உதவி செய்தோம்?' என்றும் கேளுங்கள். கற்பதை நிறுத்திய உபாத்தியாயரிடம் பிள்ளைகள் கற்பதும் நின்றுவிடும். அந்த நஷ்டத்தை ஏழை வீட்டுப் பிள்ளையே சுமக்கிறான்.