ஆறடிக் கரை, ஏழடி வண்டி: ஏரி மேட்டில் ஹிமாலயனைத் திருப்பிய கதை

மதுராந்தகத்துக்கும் செய்யூருக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஏரி அது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

டிசம்பர் மாதக் காலை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் பால் பிடிக்கும் சம்பா நெல், நடுவில் புல் முளைத்த கரை. அதன் மேல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் நான். காற்று, கொக்கு, வெயில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது, முக்கால் கிலோமீட்டர் வரைக்கும். அதன் பிறகு கலங்கல் வந்தது. உபரித் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வழிந்து ஓடியது. அந்தப் பக்கம் போக வழியில்லை.

சரி, திரும்பிவிடலாம் என்று நினைத்தபோதுதான் கணக்கு உறைத்தது. என் வண்டி பழைய 411 சிசி மாடல். நீளம் 2,190 மில்லிமீட்டர், அதாவது ஏழடிக்குக் கொஞ்சம் கூடுதல். கரையின் மேல்பரப்போ ஆறடி இருந்தால் அதிகம். வண்டி எடை 199 கிலோ. பின்னால் இரண்டு பைகள். நான் தனி ஆள்.

பின்னால் தள்ளிக்கொண்டே போய்விடலாமா என்று ஒரு யோசனை. முக்கால் கிலோமீட்டர் 200 கிலோவைப் பின்னோக்கித் தள்ள முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னே பின்னே எடுத்துத் திருப்பலாம் என்று முடிவு செய்து, பின்னால் உந்துவதற்காக இடது காலை ஊன்றினேன். தரை அங்கே இல்லை. கரையின் ஓரம் சரிவாக இறங்குவதைப் புல் மறைத்திருந்தது.

கனமான வண்டிகள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். வேகத்தில் அல்ல, நிற்கும்போது. வண்டி நேராக நிற்கும்வரை அதன் எடை நம் கைக்குத் தெரியாது, சக்கரங்கள் சுமந்துகொள்ளும். கொஞ்சம் சாய்ந்தாலும் பிடித்து நிமிர்த்திவிடலாம். ஒரு அளவைத் தாண்டிவிட்டால் எந்தப் பயில்வானாலும் பிடிக்க முடியாது. அந்த நேரத்தில் செய்யக்கூடிய புத்திசாலித்தனம் ஒன்றுதான்: கையை விட்டுவிட்டுக் காலை எடுத்துக்கொண்டு குதித்துவிடுவது. பிடிவாதமாகப் பிடித்தால் வண்டிக்கும் பைக்கும் நடுவில் கணுக்கால் மாட்டிக்கொள்ளும். நான் குதித்தேன். வண்டி இடது பக்கமாகத் தண்ணீர்ச் சரிவில் படுத்தது. ஹேண்டில்பார் கீழே, இரண்டு சக்கரங்களும் மேலே. என்ஜின் கியரில் அணைந்துவிட்டது.

சாவியைத் திருப்பி அணைத்தேன். டேங்க் மூடி ஓரமாக பெட்ரோல் சொட்டச் சொட்ட, தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஏரிக்குள் இன்னும் ஒரு முழம் வழுக்கியதுதான் மிச்சம்.

"இன்னா தம்பி, இம்மாம் பெரிய வண்டிய கரை மேல ஏத்தினு வந்துக்கிற?"

வயலிலிருந்து மண்வெட்டியோடு ஏறி வந்த பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கூடவே பேரன், பள்ளிக்கூட வயசு.

"திருப்பலாம்னு பாத்தேங்க ஐயா. விழுந்துடுச்சு."

"திருப்பறதுக்கு எதுக்கு நிறுத்தணும்? அதான் படுத்துக்கிச்சே. படுத்தாப்லயே திருப்பு."

நான் விழித்தேன். அவர் விளக்கினார். அந்தக் காலத்தில் ஒற்றையடி மண் பாதையில் மாட்டு வண்டி மாட்டிக்கொண்டால் மாட்டை ஓட்டித் திருப்ப மாட்டார்களாம். மாட்டை அவிழ்த்துவிட்டு, பாரத்தை இறக்கிவிட்டு, இரண்டு பேர் நுகத்தடியைப் பிடித்துச் சுற்றுவார்களாம். "ஒரு சக்கரம் நிக்கும், இன்னொண்ணு சுத்தும். அவ்ளோதான்."

முதலில் பைகளைக் கழற்றினோம். பெரியவர் முன் சக்கரத்தைப் பிடித்துக் கீழ்ப்பக்கமாக இறக்க, நானும் பையனும் பின் சக்கரத்தை மேல்பக்கமாகத் தள்ளினோம். ஈரப் புல்லில் வண்டி கிறுகிறுவென்று சுழன்றது. டேங்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புக் கம்பி மண்ணில் ஊன்றி அச்சாணி போல நின்றது. அரை நிமிடத்தில் வண்டி வந்த திசையைப் பார்த்துப் படுத்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரே சுற்றில் இரண்டு வேலை முடிந்துவிட்டது. முன்பு சக்கரங்கள் மேட்டிலும் ஹேண்டில்பார் பள்ளத்திலும் இருந்தன. அப்படிக் கிடக்கும் வண்டியைத் தூக்குவது, கிணற்றிலிருந்து இழுப்பது மாதிரி. இப்போது சக்கரங்கள் பள்ளத்தில், ஹேண்டில்பார் மேட்டில். பாதி நிமிர்ந்த மாதிரியே கிடந்தது. ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. வேகமாகத் தூக்கினால் நிமிர்ந்த கையோடு அந்தப் பக்கம் ஏரிக்குள் போய்விடும். அதனால் பள்ளத்துப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. வண்டி எப்போதும் மேட்டுப்பக்கம் சாய்ந்தே இருக்க வேண்டும். நல்லவேளை, சைடு ஸ்டாண்டும் மேட்டுப்பக்கமே இருந்தது. பையன் அதைக் காலால் தட்டி விரித்தான்.

தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு

ஹேண்டில்பாரை, தரையில் கிடக்கும் பிடி டேங்க்கை ஒட்டி வரும்வரை திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். ஒரு கையால் அந்தப் பிடியை, இன்னொரு கையால் பின்பக்கக் கம்பியைப் பிடியுங்கள். முதுகை வளைக்காமல், காலை உதைத்துப் பின்னோக்கி நடந்தபடி எழுந்திருங்கள். தூக்குவது தொடைதான், இடுப்பு அல்ல. வண்டி கியரில் இருந்தால் உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள். இல்லையென்றால் நிமிர்ந்த வண்டி அடுத்த பக்கம் சாயும்போது தாங்க ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கம் சைலன்சர் சுடும் என்பதையும் மறக்க வேண்டாம். நிமிர்த்திய பிறகு சில நிமிடம் பொறுத்து, பெட்ரோல் வாசம் போன பின் ஸ்டார்ட் செய்யலாம்.

இந்த மாதிரி வண்டிகள் இப்போது நம் தெருக்களிலேயே நிறைய. கனமான அட்வென்ச்சர் பைக் என்ற வகையைத் தொடங்கிவைத்தது 1980-ல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ். அதன் இன்றைய வாரிசான ஆர் 1300 ஜிஎஸ், பெட்ரோலோடு 237 கிலோ. நம் ஊரில் 2016-ல் ஹிமாலயன் வந்த பிறகுதான் இந்த ஆசை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. 2023 நவம்பரில் வந்த 450 மாடல் 196 கிலோ. சீட் உயரம் 825 மில்லிமீட்டர். சராசரித் தமிழனுக்கு இரண்டு காலும் முழுசாக ஊன்றாது. இமயமலையின் பெயரை வைத்துக்கொண்டு பிறப்பதென்னவோ ஒரகடம், வல்லம் வடகால் பக்கம். ஒரு மணி நேரத்தில் ஏரிக்கரைக்கு வந்துவிடலாம். அதுதான் பிரச்னையே!

டக்கார் ராலியில் 2024-ல் ஒட்டுமொத்தமாக 11-வது இடத்தைப் பிடித்தாரே, கேரளத்துக்காரர் ஹரித் நோவா, அவரைப் பார்த்து நாமும் கிளம்பிவிடுகிறோம். அவர்கள் ஓட்டும் 450 சிசி ராலி வண்டி நம்முடையதைவிட எடை குறைவு. அதோடு அவருடைய பயிற்சி நமக்கு ஏது?

யூடியூபில் பார்க்கும் வித்தைகளில் பிரபலமானது சைடு ஸ்டாண்டை ஊன்றித் திருப்புவது. வண்டியின் இடது பக்கம் நின்று, ஸ்டாண்டை விரித்து, ஹேண்டில்பாரையும் பின்கம்பியையும் பிடித்து வண்டியை நம் பக்கம் சாய்த்தால் சக்கரங்கள் தரையைவிட்டு லேசாகும். அப்படியே ஸ்டாண்டைச் சுற்றி நடந்தால் வண்டி திரும்பிவிடும். கெட்டித் தரையில், பையில்லாத இலகுவான வண்டியில் அருமையாக வேலை செய்யும். 200 கிலோ வண்டியில் மொத்தப் பாரமும் ஒரே ஒரு போல்ட்டிலும் அது மாட்டியிருக்கும் ஃப்ரேம் காதிலும் வந்து உட்காரும். அது வளைந்தால் அப்புறம் வண்டியை நிறுத்தவே சுவர் தேட வேண்டும். ஏரிக்கரை ஈரத்தில் ஸ்டாண்ட் கத்தி மாதிரி இறங்கிவிடும் என்பது வேறு. வேறு வழியே இல்லை என்றால் அடியில் ஒரு தட்டைக் கல்லை வையுங்கள்.

இரண்டு பேர் இருந்தால் அவசரமே வேண்டாம். ஒருவர் வண்டியின் இடது பக்கம் நின்று, முன் பிரேக்கில் விரல் வைத்து, வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு தள்ள வேண்டும்; அடுத்தவர் பின்னால் இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு அரை அடி. பதினைந்து இருபது தடவை முன்னே பின்னே போனால் பத்தடிப் பாதையில் எந்த வண்டியும் திரும்பிவிடும். கேமராவுக்கு அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

மேட்டில் ஏறும்போது நின்றுபோனால் கதை வேறு. அங்கே பதறி கிளட்ச்சைப் பிடித்தால் வண்டி பின்னோக்கி ஓடும். முன் பிரேக் மட்டும் அதைத் தாங்காது, சறுக்கும். என்ஜினை கியரிலேயே அணைய விடுங்கள். கியரில் அணைந்த வண்டியின் பின் சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். பிறகு கிளட்ச்சைக் கொஞ்சமாகப் பிடித்துப் பிடித்து விட்டால், அதுவே பின் பிரேக்காக வேலை செய்யும். ஹேண்டில்பாரைத் திருப்பி, சாண் சாணாகப் பின்னால் இறக்கி, வண்டியைச் சரிவுக்குக் குறுக்கே கொண்டுவாருங்கள். பிறகு முன் சக்கரத்தைக் கீழே திருப்பலாம். இறங்கி நின்றாலும், சாய்ந்தாலும் எப்போதும் மேட்டுப்பக்கம்தான்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரை மணல் இன்னொரு பள்ளிக்கூடம். மணலில் பின் சக்கரம் புதைந்தால் ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்கக் குழிதான் ஆழமாகும். வண்டியை ஒரு பக்கம் படுக்க வைத்து, குழியை மூடி, திருப்பி, நிமிர்த்துவதுதான் வழி. படகைத் திருப்பும் மீனவர்களைப் பாருங்கள்; முழுப் படகையும் தூக்க மாட்டார்கள், ஒரு முனையை ஊன்றவிட்டு இன்னொரு முனையை நகர்த்துவார்கள். ஆனால் தயவுசெய்து இதைக் கற்றுக்கொள்ள மணலில் வண்டியை இறக்க வேண்டாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வாக்கில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது. காப்புக் காடுகளும் அப்படித்தான். அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம்.

பழக வேண்டுமென்றால் ஊரில் ஒரு காலி மைதானம் போதும். இரண்டு வரிசை செங்கல்லை வைத்து, அதற்குள் ஹேண்டில்பாரை முழுசாகத் திருப்பி, பாதி கிளட்ச்சில், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி வட்டம் போடுங்கள். எடை வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில். கண், போக வேண்டிய இடத்தில். முன் சக்கரத்தைப் பார்த்தால் அங்கேயே விழுவீர்கள். நன்றாக வந்ததும் செங்கல்லை நெருக்கிவையுங்கள். ஆனால் இதெல்லாம் கைவந்த பிறகும், தெரியாத ஒடுக்கப் பாதை வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்ப்பதுதான் என் வழக்கம். அந்த டிசம்பருக்குப் பிறகு வந்த வழக்கம்!

கரை என்பது ரோடு அல்ல

பைகளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி சுழன்ற இடத்தில் புல் பெயர்ந்து, மண் பிளந்து கிடந்தது. நான் வந்த வழி நெடுக டயர் தடம், இரண்டு விரல் ஆழம்.

"இதுல தண்ணி நிக்கும் தம்பி. நின்ன தண்ணி வழி தேடும். மழைக்கு அரிச்சி உள்ள பூந்துச்சின்னா கரை ஒடையும். கீழ இருக்கறது பூரா பயிரு."

செங்கல்பட்டுச் சீமையில் கரை உடைவது வெறும் பேச்சு அல்ல. பக்கத்தில் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலே இருக்கிறது. 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், உடையப்போகிறது என்று பயந்த மழை இரவில், வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காத்ததைக் கண்டார் என்பது கோயில் கதை. கரையைக் காப்பதைச் சாமிக்கே வேலையாகக் கொடுத்த ஊர்க்காரர்கள். அவர்கள் கரையில்தான் நான் பொழுதுபோக்காக 200 கிலோவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

"மண்வெட்டி குடுங்க ஐயா, நான் மூடறேன்."

கொடுத்தார். நான் வெட்டிய விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் வெட்டிப் போடப் போட, நானும் பையனும் காலால் மிதித்து இறுக்கினோம். பெயர்ந்த புல்லைத் திரும்ப அதன் இடத்திலேயே வேரோடு வைத்து அமுக்கச் சொன்னார். இரண்டு மழையில் பிடித்துக்கொள்ளுமாம்.

கிளட்ச் லீவரின் முனை வளைந்திருந்தது. கியர் லீவர் உள்ளே மடங்கியிருந்ததை ஸ்பேனரால் நெம்பிச் சரிசெய்தேன். மூன்றாவது தடவையில் வண்டி கிளம்பியது. ஏறி உட்காராமல், முதல் கியரில், பாதி கிளட்ச்சில், வண்டியின் இடது பக்கமாக நடந்தபடி சரிவிலிருந்து கரை மேலே ஏற்றினேன். இறங்கும் இடம்வரைக்கும் அப்படியே நடந்தேன். பையன் முன்னால் ஓடி ஓடி, எங்கே மண் கெட்டியாக இருக்கிறது என்று கையைக் காட்டினான். பின்னால் பெரியவர், என் டயர் தடத்தை மண்வெட்டியால் இழுத்து மூடிக்கொண்டே வந்தார்.