விலை குறைந்த துவக்கும் தவறாத குறியும்

யானையைக் குறிவைத்துத் தவறிய வேலை, முயலை வீழ்த்திய அம்பினும் மேலானதாகப் படைச்செருக்கு என்னும் அதிகாரத்திலே வள்ளுவப் பெருந்தகை போற்றியுள்ளார். அது போர்க்களத்து வீரனின் பெருமிதம் பற்றிய பேச்சு. கானகத்து வேட்டைக்காரனுக்கோ அந்த ஆறுதல் கிடையாது. அவன் குறி முற்றாகத் தவறினால் மான் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். அரைகுறையாகத் தவறினால், குடல் கிழிந்த அவ்வுயிர் புதருக்குள் ஒளிந்து, இரவு முழுவதும் துடித்து மாளும். ஆகவே வேட்டைத் துவக்கின் குறித்திறன் என்பது வெறும் பெருமைக்குரிய பொருளன்று. அது ஓர் உயிரின் வேதனையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைத் தீர்மானிக்கும் பொருளாகும்.

அவ்வாறாயின் ஒரு வினா எழுகின்றது. இத்தகைய குறித்திறன் செல்வர்க்கே உரியதா? குறைந்த கூலி பெறும் தொழிலாளி வாங்கும் மலிவான துவக்கு, அவன் கையிலே ஒரு கொடுமைக் கருவியாக அமைந்துவிடுமா? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவின் துவக்குத் தொழில், 1958ஆம் ஆண்டு தொடக்கம் அளித்துவந்த விடை மிகவும் சுவையானது. துவக்கிலே நாட்டமில்லாதோரும் சிந்திக்கத் தக்க உண்மையொன்று அதிலே பொதிந்து கிடக்கின்றது.

தாழும் பூட்டும்

கதவைத் தாழிடுவது போன்று, உருக்காலான தாழொன்றை முன்னே தள்ளித் திருப்பிப் பூட்டி, வெடித்த பின் மீண்டும் திருப்பிப் பின்னே இழுத்து வெறுங்கோதை வெளியேற்றும் துவக்கினையே ஆங்கிலேயர் போல்ட் அக்ஷன் றைபிள் என்பர். இவ்வமைப்பினை ஏறக்குறைய முழுமைநிலைக்குக் கொணர்ந்தவர் ஜேர்மனியரான போல் மௌசர். 1898ஆம் ஆண்டு ஜேர்மன் படை ஏற்றுக்கொண்ட அவரது துவக்கே, பின்வந்த வேட்டைத் துவக்குகள் பலவற்றுக்குத் தாயாயிற்று. அமெரிக்கப் படையின் 1903ஆம் ஆண்டு ஸ்பிறிங்பீல்ட் துவக்கும் அதன் வழிவந்ததே. அதன்பொருட்டு அமெரிக்க அரசு மௌசர் நிறுவனத்துக்கு உரிமைப் பணம் செலுத்த நேர்ந்ததும் வரலாறு.

1936இல் வின்செஸ்ரர் நிறுவனம் வெளியிட்ட 70ஆம் இலக்க மாதிரி, இம்மரபிலே தோன்றிய அழகிய படைப்பு. உருக்குக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த உறுப்புகள், கையால் செதுக்கிய பூவேலை, வால்நட் மரத்தாலான கட்டை என யாவும் கைவினைஞரின் உழைப்பினால் அமைந்தவை. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிலாளரின் ஊதியம் உயர்ந்தது. அதனால் கைவினையின் விலையும் உயர்ந்தது. நல்ல துவக்கு சாமானியனின் கைக்கு எட்டாது விலகிச் செல்லும் நிலை உருவாயிற்று.

ஒரு சுரையின் மகிமை

இந்த நிலையிலேதான் சவேஜ் நிறுவனத்தின் 110ஆம் இலக்கத் துவக்கு 1958இல் அரங்கேறியது. ஜமேக்காத் தீவின் கிங்ஸ்ரன் நகரிலே பிறந்த ஆதர் சவேஜ் என்பவர் 1894இல் நியூயோர்க் மாநிலத்து யூற்றிக்கா நகரிலே தொடங்கிய நிறுவனம் அது. 110ஆம் இலக்கத்தை வகுத்தவர் நிக்கலஸ் புரூவர் என்னும் பொறியியலாளர். சிறந்த துவக்கைச் செய்துவிட்டுப் பின்னர் அதன் விலையைக் குறைக்க வழிதேடியவர் அல்லர் அவர். செய்வதற்கு எளிதாகவும் சுடுவதற்குச் செம்மையாகவும் அமையக்கூடிய ஒரு வடிவத்தை முதலிலேயே சிந்தித்தவர்.

அவர் கையாண்ட உபாயத்தை விளங்கிக்கொள்வதற்கு ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். தோட்டா குழலின் அடியிலுள்ள அறையிலே அமர்ந்ததும், அதன் பின்புறத்தைத் தாழின் முகம் தாங்கிநிற்கின்றது. இவ்விரண்டுக்குமிடையே விடப்படும் இடம் மிகுமாயின், வெடிக்கும்போது தோட்டாவின் கோது கிழிந்து ஆபத்து நேரலாம். குறையுமாயின் தாழ் பூட்டாது. மயிரிழையளவு பிழையையும் பொறுக்காத அளவு இது. பழைய முறையிலே, குழலின் தோளினையும் அறையின் ஆழத்தையும் மிகுந்த நுட்பத்துடன் கடைந்து இவ்வளவைப் பெறுவர். அதற்குத் தேர்ந்த தொழிலாளியும் வேண்டும், நெடுநேரமும் வேண்டும்.

புரூவரோ குழலின் புரியிலே ஒரு சுரையை, அஃதாவது நட்டு என நாம் சாதாரணமாக வழங்கும் உறுப்பினை, மாட்டிவிட்டார். அளவைத் துண்டொன்றை அறையிலே வைத்துத் தாழைப் பூட்ட வேண்டியது. தாழின் முகத்தை அத்துண்டு தொடும்வரை குழலைத் திருகவேண்டியது. பின்னர் சுரையை இறுக்கிவிட வேண்டியது. வேலை முடிந்தது! கடைசற் பொறி மணிக்கணக்கிலே தேடிய நுட்பத்தை, ஒரு சுரை சில நிமிடங்களிலே தந்துவிட்டது.

தாழின் தலைப்பகுதியையும் அவர் தனி உறுப்பாக அமைத்தார். அது சற்றே அசைந்து கொடுப்பதால், பூட்டுப் பற்கள் இரண்டும் ஒரே சீராக உருக்குக் கூட்டிலே பதிகின்றன. ஒரு பல் மாத்திரம் பதிந்து மற்றது பதியாதிருப்பின், வெடியின் தாக்கத்தினால் துவக்கு ஒருபுறமாக வளைந்து அதிரும்; குறி சிதறும். கைவினைஞன் அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பெறும் சமநிலை, இங்கு தன்னைத்தானே தேடிக்கொள்கின்றது. செலவைக் குறைக்கும் நோக்கத்தில் எழுந்த உபாயமே செம்மைக்கும் வாயிலாயிற்று என்பது நோக்கற்பாலது.

அன்று அதன் விலை 110 டொலருக்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டே இடக்கையருக்கென மாற்றியமைத்த வடிவமும் வெளிவந்தது. அதுவரை இடக்கை வேட்டைக்காரர், வலக்கையருக்கெனச் செய்த தாழைக் குறுக்கே கைநீட்டி இழுத்து இடர்ப்பட்டனர். அவர்களையும் மதித்து முதலிலே கதவைத் திறந்தது விலையுயர்ந்த துவக்கன்று; சாமானியனின் துவக்கே!

செம்மையை அளப்பது எவ்வாறு?

ஒரு துவக்கு நன்றாகச் சுடுகின்றது என்பதற்கு அளவுகோல் யாது? ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வருவது ஒரு கலை. நூறு யார் தூரத்திலே ஒரு கலைக்கோணம் ஏறக்குறைய ஓரங்குல அகலத்தைத் தழுவும். மேசைமீது மணற்பையிலே துவக்கைக் கிடத்தி, நூறு யாருக்கு அப்பாலுள்ள இலக்கிலே சுட்டு, சன்னங்கள் துளைத்த இடங்களுக்கிடையேயுள்ள ஆகக்கூடிய தூரத்தை அளப்பர். அது ஓரங்குலமாயின் மெச்சுவர்.

இங்கே வாசகர் ஓர் எச்சரிக்கையைக் கைக்கொள்ளுதல் நன்று. மூன்று வேட்டுகளை மாத்திரம் சுட்டு, "என் துவக்கு ஓரங்குலத் துவக்கு" என மார்தட்டுவோர் பலர். நிகழ்தகவுக் கணிதமோ வேறு கதை சொல்லுகின்றது. மூன்று வேட்டுகளின் சிதறல் சராசரியாக ஓரங்குலமாயின், அதே துவக்கிலே பத்து வேட்டுகளின் சிதறல் சராசரியாக ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலாகும். துவக்கு மாறவில்லை, சோதனைதான் கடுமையாயிற்று. ஒரே ஒரு வினாவுக்கு விடையெழுதிய மாணவனின் புள்ளியைக் கொண்டு அவன் கல்வியை அளத்தல் எத்துணைத் தவறென்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். துவக்குக்கும் அதுவே நியாயம்.

சுரிவரிகள் பொறித்த குழலினூடாகச் செல்லும் சன்னம் செக்கனுக்கு மூவாயிரம் முறைக்கு மேலே சுழன்றுகொண்டு, செக்கனுக்கு 2,700 அல்லது 2,800 அடி வேகத்திலே வெளிப்படுகின்றது. அந்தக் கணத்திலே குழல் யாழின் நரம்புபோல அதிர்கின்றது. அவ்வதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நிகழுமாயின், சன்னங்கள் ஓரிடத்தை நாடும். மழையிலே ஊறிப் பருத்த மரக்கட்டை குழலை ஒருபுறம் நெருக்குமாயின், அதிர்வு மாறும்; குறியும் மாறும். செம்மையின் இரகசியம் மாறாமையே அன்றி வேறன்று. மினுக்கமும் பூவேலையும் இதற்கு எள்ளளவும் துணைசெய்வதில்லை.

எங்கே குறைப்பது, எங்கே குறைக்கலாகாது?

மலிவு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வேண்டாததை விடுதல் ஒன்று. வேண்டியதைத் திருடுதல் மற்றொன்று. 1964இல் வின்செஸ்ரர் நிறுவனம் தன் புகழ்பெற்ற 70ஆம் மாதிரியின் செலவைக் குறைக்க முற்பட்டது. தோட்டாவின் விளிம்பைப் பற்றிப்பிடித்து உள்ளே செலுத்தும் அகன்ற கொக்கியை நீக்கிற்று. செதுக்குவேலைக்குப் பதிலாக அச்சுப் பொறியால் அழுத்திய கோலத்தை இட்டது. வாடிக்கையாளர் முகஞ்சுளித்தனர். 1964க்கு முற்பட்டவையே துவக்குகள் எனக் கூறிப் பழையவற்றைத் தேடி அதிக விலை கொடுத்தனர். அழகினாற் பெயர்பெற்ற பொருள் அழகை இழந்தால் அதனிடம் எஞ்சுவது யாது?

இதற்கு மறுதலையாக, றெமிங்ரன் நிறுவனம் 1967இல் 788ஆம் இலக்கமென ஓர் எளிய துவக்கை விற்பனைக்கு விட்டது. சாதாரண மரம், அலங்காரம் ஏதுமில்லை, பூட்டுப் பற்கள் ஒன்பதும் தாழின் பின்புறத்திலே அமைந்தவை. அழகிலே மிகவும் பின்தங்கிய இத்துவக்கு, அதே நிறுவனத்தின் விலைகூடிய 700ஆம் இலக்கத்துக்குக் குறித்திறனிலே சளைக்கவில்லை எனப் பலர் கண்டு வியந்தனர். 1983இலே அதன் உற்பத்தி நின்றது.

சவேஜின் வரலாறும் மேடுபள்ளம் நிறைந்ததே. 1988இல் அந்நிறுவனம் வங்குரோத்து நிலையை அடைந்தது. அப்போது பொறுப்பேற்ற றொனல்ட் கோபேர்ன், சிதறிக்கிடந்த பல உற்பத்திகளையும் ஒதுக்கிவிட்டு, 110ஆம் இலக்கத்தையே ஊன்றுகோலாகப் பற்றினார். முப்பதாண்டுக்கு முன் புரூவர் வகுத்த வடிவம் நிறுவனத்தைக் கரைசேர்த்தது.

எனினும் ஒரு குறை நெடுநாள் நீடித்தது. விசையை இழுக்கும் பாரம் மிகுதியாக இருந்தது. வழக்குகளுக்கு அஞ்சிய உற்பத்தியாளர் பலர் விசையைக் கடுமையாகவே அமைத்துவந்தனர். ஏழெட்டு இறாத்தல் நிறையுள்ள துவக்கின் விசையை ஆறேழு இறாத்தல் வலுவுடன் இழுக்குமிடத்து, இழுக்கும் விரலே குறியைக் கலைத்துவிடும். 2000ஆம் ஆண்டை அடுத்து சவேஜ் இதற்கு விடைகண்டது. விசையின் நடுவே மெல்லிய தகடொன்று அமைந்தது. விரல் அத்தகட்டை முதலில் அழுத்தாவிடில் துவக்கு வெடிக்காது. ஆகவே விசை இலேசாயினும் துவக்கு கீழே விழுந்து வெடிக்கும் அபாயம் தடுக்கப்படுகின்றது. இதனைக் கண்ட போட்டி நிறுவனங்களும் தத்தம் மலிவுத் துவக்குகளிலே இவ்வகை விசைகளைப் புகுத்தத் தொடங்கின. சாமானியனின் துவக்கு செல்வரின் துவக்குக்கு ஆசிரியனாயிற்று எனலாம்.

இறுதியில் மனிதனே

இத்தனையும் கூறியபின், துவக்கின் குறித்திறனுக்கும் வேட்டையின் செம்மைக்கும் உள்ள உறவை அளவோடு கூறுவதே நேர்மை. வெண்வால் மானின் இருதயமும் சுவாசப்பைகளும் அடங்கிய பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். ஒன்றரைக் கலைச் சிதறலுள்ள மலிவான துவக்கு, இருநூறு யாரிலே மூன்று அங்குலத்துக்குள் சுடும். அரைக் கலைச் சிதறலுள்ள விலையுயர்ந்த துவக்கு ஓரங்குலத்துக்குள் சுடும். மானுக்கு இவ்விரண்டும் ஒன்றே. ஆனால் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றவாறே சுடுபவனுடைய கையின் நடுக்கம், இந்த வேறுபாட்டைப் பன்மடங்கு விஞ்சிவிடுகின்றது.

ஆகையால் விலையிலே மிச்சமாகும் பணத்துக்கு ஒரு தக்க செலவு உண்டு. அதனைத் தோட்டா வாங்குவதிலும் பயிற்சியிலும் செலவிடுபவன், அதே பணத்தைப் பூவேலைக்குக் கொடுத்தவனைக் காட்டிலும் நல்ல வேட்டைக்காரனாவான். பயிற்சியிலே அவன் தன் துவக்கின் எல்லையை மாத்திரமன்றித் தன் எல்லையையும் அறிந்துகொள்கின்றான். எந்தத் தூரத்துக்கு அப்பால் தன் கை நம்பத்தக்கதன்று என்பதை உணர்ந்தவன், அத்தூரத்திலே மான் நிற்கக் கண்டும் விசையிலிருந்து விரலை எடுத்துக்கொள்வான். அவ்வாறு எடுத்த விரலைக் காட்டிலும் சிறந்த குறித்திறன் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படுவதில்லை.

பொருளின் விலை வேறு, மதிப்பு வேறு. எது இன்றியமையாதது என்பதை ஆய்ந்து, அதனை மாத்திரம் குறைவறச் செய்து, ஏனையவற்றைத் துணிந்து விட்டவர் கையிலே எளிமையும் செம்மையும் ஒன்றுகூடின. கருவி செய்வோர்க்கு மாத்திரமன்றிக் கல்வி புகட்டுவோர்க்கும் நூல் யாப்போர்க்கும் பொருந்துவதொரு பாடம் இது.